முந்தி மிதிக்கிற கால்

"மாங்கரை தாண்டி நாலு வளைவு, அவ்வளவுதானுங்க அம்மிணி, போன சுருக்குல வந்தர்றோம்" என்று சொல்லிக்கொண்டே பழைய கார் விற்கிற தாமு பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சம்யுக்தா அம்மாவைப் பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள், அவ்வளவுதான், சிவப்பு வண்டி ஷெட்டை விட்டு இறங்கித் தடாகம் ரோட்டில் ஏறி ஒரு செங்கல் லாரியின் முதுகுக்குப் பின்னால் மறைந்தே போய்விட்டது. கோதைநாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். காலையில் பெய்த மழை ரோட்டோரத்தில் சிவப்பாகத் தேங்கி நின்றது. மகளுக்கு இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். வீட்டிலிருந்தே அந்த வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் இந்தப் பெண் எமகாதகி, நேற்றே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாளே, "நீங்க வேண்டாம்னா வேண்டாம்ங்ம்மா, அப்பறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன், ஆனா வண்டியப் பாத்துட்டுச் சொல்லுங்க, பாக்காமச் சொல்லாதீங்க" என்று. பார்த்துவிட்டுச் சொல்வதென்றால் காரணம் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது என்பது அந்த வீட்டில் காரணமே இல்லை. கணவர் லோகநாதன் இருந்த காலத்திலேயே அப்படித்தான். "பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லாத கோதை, எங்க கோளாறுன்னு சொல்லு" என்பார் மனுஷன். அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகியும் அவர் போட்ட சட்டம் மட்டும் போகவில்லை. சரி, கோளாறுதானே, கண்டுபிடித்தால் போகிறது, கணவரின் வார்ப்படப் பட்டறையை இத்தனை வருஷம் கட்டி மேய்த்தவளுக்கு ஒரு காரில் நாலு கோளாறு கண்டுபிடிக்கத் தெரியாதா என்ன. தாமுவின் ஷெட்டில் வேறு வண்டியே கிடையாது. ஒரே ஜப்பான் கம்பெனி, ஒரே டர்போ வண்டி, அதில்தான் மூன்று தலைமுறை. மில் முதலாளிகள் ஆசைப்பட்டு வரவழைத்து, பிள்ளைகள் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டதும் விற்றுத் தொலைத்தவை. அவற்றுக்குப் பேரும் தாமு வைத்ததுதான். முதலில் வந்தது தாத்தன், தட்டை மூக்கு, விளக்கை மூடி வைத்துக்கொண்டு தூங்குகிற மூஞ்சி. அடுத்தது மகன், உருண்டைக் கண்ணு. இப்போது வெளியே போயிருப்பது பேரன், முன்பக்கம் முழுக்க வாய். தாத்தன் இங்கே சக்கரம் கழற்றிச் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தான், மகன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் நின்றான். அதே சாம்பல் நிறம். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கோதை அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாத்தனைப் பார்ப்பதில் சிரமமில்லை. அதே மாதிரி ஒரு தாத்தன் வீட்டிலேயே இருக்கிறான், போர்டிகோவில் தார்ப்பாய்க்குக் கீழே, லோகநாதன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பிள்ளையோடு பேசவில்லையாம். அதில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துதான் கோதை பாதி ஊர் பார்த்தாள். அதற்கு ஒரு குணம் உண்டு. மிதித்தால் ஒன்றும் நடக்காது. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு முதல் விசிலுக்கு நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். மிதித்தாயிற்று, ஒன்றுமில்லை, இன்னும் ஒன்றுமில்லை, என்னடா இது என்று நினைக்கிற நேரத்தில் எங்கிருந்தோ ஒரு மூச்சு உள்ளே வாங்கும், உடனே யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளின மாதிரி பிய்த்துக்கொண்டு போகும். அதனால் வளைவில் அதை ஓட்டுகிறவன் வளைவு முடிகிறவரை காத்திருக்கமாட்டான். உள்ளே நுழைந்த சூட்டிலேயே காலை வைத்துவிடுவான், வளைவு முடிகிற இடத்துக்கும் அந்த மூச்சு வருகிற நேரத்துக்கும் கணக்குச் சரியாக இருக்கும். முந்தி மிதிக்கிற கால். அந்தக் கால் எல்லாருக்கும் வராது, தாத்தனோடு வருஷக்கணக்கில் குடித்தனம் பண்ணினவனுக்குத்தான் வரும். லோகநாதனுக்கு வந்தது. பார்த்துப் பார்த்துக் கோதைக்கும் வந்துவிட்டது, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தே. வளைவு வந்தால் அவள் கால் கட்டைவிரல் செருப்புக்குள் தானாக அழுந்தும், அவர் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பார், "நீ மிதிச்சுட்டியா, அப்ப நானும் மிதிச்சர்றேன்" என்பார். அட, என்ன சிரிப்பு அது. இன்னொன்று, ஓட்டிவந்த சூட்டோடு அதை அணைக்கக் கூடாது, டர்போவுக்குள் எண்ணெய் கருகிவிடும். அதனால் போர்டிகோவில் நிறுத்திச் சற்று நேரம் சும்மா ஓடவிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். உள்ளே கோதை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரசத்தைச் சூடு பண்ண வைப்பாள். வந்துவிட்டார், இன்னும் உள்ளே வரவில்லை. அந்த இடைவேளை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை, இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது. இப்போதும் சாயங்காலத்தில் அந்தச் சத்தம் கேட்கும். கேட்பது மாதிரி இருக்கும் என்று சொல்ல மாட்டாள், கேட்கும். வந்துவிட்டார், இன்னும் உள்ளே வரவில்லை, வரவில்லை, வரவில்லை, இதென்ன இவ்வளவு நேரம் என்று நினைப்பு ஓடி, அப்புறம்தான் தார்ப்பாய் ஞாபகம் வரும். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். சம்யு கேட்டால் பசியில்லை என்பாள்.

கோளாறு பார்க்க வந்தவள் இதையெல்லாம் ஏன் நினைக்கிறாள். பேரனுக்கு என்ன கோளாறு சொல்லலாம். எடை கூட, அது கோளாறா, எடை கூட இருந்தால் ரோட்டில் அழுத்தமாக நிற்கும். பிரேக் பெரியது. சறுக்கினால் தானே பிடித்துக்கொள்கிற ஏதோ கம்ப்யூட்டர் வேறு இருக்கிறதாம், அதை ஒரு பட்டனை அமுக்கி அணைத்தும் வைக்கலாமாம். அணைக்கலாம் என்றால் எதற்கு வைக்கிறான், இது ஒரு கோளாறு, குறித்துக்கொள். யோசித்துக்கொண்டே நடந்தவள் சாம்பல் வண்டியின் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். திறந்ததும்தான் தெரிந்தது திறந்திருக்கிறோம் என்று. இதுவல்ல அது. அது கோத்தகிரி ரோட்டிலிருந்து லாரியில் ஏற்றி வந்து, இரும்பு விலைக்குப் போய், எந்த உலையிலோ உருகிவிட்டது, ஒருவேளை தங்கள் பட்டறைக்கே வந்து வால்வாகக்கூடப் போயிருக்கும், அந்த நினைப்பு வந்த வருஷம் முழுக்க அவள் உலைப்பக்கமே போகவில்லை. இது வேறு யாரோ முதலாளியின் வண்டி, யாரையும் ஒன்றும் செய்யாதது. இருந்தாலும் உள்ளே உட்கார்ந்தபோது சீட்டு பின்னால் தள்ளியிருந்தது, நீளக்கால்காரன் எவனோ கடைசியாக ஓட்டியிருக்கிறான், அவளுக்குக் கால் எட்டவில்லை. முன்னால் இழுக்கலாம். இழுக்க மனசு வரவில்லை. மகனை லோகநாதன் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. தாத்தனை விற்கவும் இல்லை, ரெண்டும் இருக்கட்டும் கோதை, ஒண்ணு உனக்கு ஒண்ணு எனக்கு என்றார். அவளுக்குக் காய்ச்சல். சம்யுவுக்கு அரைப்பரீட்சை. அவர் மட்டும் தனியாகப் போனார், மழை பெய்து விட்டிருந்தது. துக்கத்துக்கு வந்த ஒறம்பரை சனம் ஆளுக்கொன்று சொன்னது, ரோட்டில் எண்ணெய் சிந்திக் கிடந்தது என்றது, எதிரே பஸ் வந்தது என்றது, நேரம் சரியில்லை என்றது. பதினாறாம் நாள் கும்பல் எல்லாம் போனபிறகு தாமு மட்டும் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அவரு பழசு மாதிரியே முன்னாடி மிதிச்சிருப்பாருங்க அம்மிணி. புதுசுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாதுங்க. வெச்ச உடனே இழுத்துரும். வளைவு நடுவுல இழுத்தா பின்சக்கரம் சறுக்காம என்னுங்க பண்ணும்." கோதைக்கு அதற்கு முன்பே தெரியும், கட்டைவிரலுக்குத் தெரியும். வண்டி மேல் தப்பில்லை, ரோடு மேல் தப்பில்லை, அவர் மேல்கூட இல்லை. காலுக்குப் பழைய வண்டி ஞாபகம். அவ்வளவுதான், அதற்கு ஒரு உசிர் போய்விட்டது.

அவள் இப்போது அந்த வளைவைப் பார்த்தாள். பார்த்ததே இல்லை, யார் கூப்பிட்டும் போய்ப் பார்த்ததில்லை, இருந்தும் இந்தக் கண்ணாடிக்கு வெளியே ஷெட்டின் தகரச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஈர ரோடும் தேயிலையும் இடது பக்கம் திரும்பின. கோதை சீட்டின் நுனிக்கு நகர்ந்து காலை நீட்டினாள். மிதித்தாள். எஞ்சின் ஓடாத வண்டி, பெடல் சும்மா உள்ளே போய் வந்தது. மறுபடி வளைவு, மறுபடி மிதித்தாள், மறுபடியும் முந்தித்தான் மிதித்தாள், இவ்வளவு தெரிந்தும், இவ்வளவு நினைத்தும், கால் கேட்கவே இல்லை. பார், இதுதான் அந்தக் கால், என்று தன் பாதத்தைத் தானே வேடிக்கை பார்க்கிறபோதுதான் அது நெஞ்சில் இடித்தது. இந்தக் கால் தன்னோடு நிற்கவில்லை. சம்யுவுக்கு இதைத்தானே கொடுத்திருக்கிறாள். பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல், அது பேருக்கு. நிஜமாக ஓட்டக் கற்றது தார்ப்பாய்க்குக் கீழே இருந்தவனில்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து. ஏன் அதில்? அது யாரையும் ஒன்றும் செய்யாத வண்டி என்பதால். அது நல்லவன் என்பதால். பயந்து பயந்து பத்திரமான வண்டியாகப் பார்த்து எடுத்து, பயந்து பயந்து சொல்லிக் கொடுத்தாள், "வளைவு முடியற வரைக்கும் காத்திருக்காத கண்ணு, இது மெதுவாத்தான் மூச்சு வாங்கும், இங்கயே வெச்சுரு காலை, ம், இங்க." எத்தனை ஞாயிற்றுக்கிழமை. அடிப்பாவி. அவரைக் கொன்ற காலை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாய். தாமுவுக்கு அது தெரியவும் தெரியாது. எங்கே கத்துக்கிட்டா என்று இன்றைக்குக்கூடக் கேட்டார், டிரைவிங் ஸ்கூல்தானுங்ண்ணா என்று கோதை மழுப்பினாள், ஏனென்றால் தாத்தன் இன்னும் ஓடுகிறான் என்று தெரிந்தால் விலை கேட்டே உயிரை எடுப்பார்.

கதவைத் திறந்து இறங்கினாள், இறங்கினதில் தலை இடித்தது. போன். சம்யுவின் நம்பரை அழுத்தினாள், தன் தோளில் தொங்கிய பைக்குள்ளேயே அது பாடியது, போகும்போது கொடுத்துவிட்டுப் போனாளே. தாமுவின் நம்பரை அழுத்தினாள். ஷெட்டுக்குள் மேஜை மேல் சார்ஜ் போட்டிருந்த போன் வெளிச்சம் போட்டுக்கொண்டு நடுங்கியது. நன்றாக இருக்கிறது போ. கிடைத்திருந்தாலும் என்ன சொல்வாள், வளைவில் போய்க்கொண்டிருப்பவள் காதில் அம்மா குரல் விழுந்தால் அதுவே ஒரு மிதி மிதிக்க வைக்காதா. வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தாள். லாரி, டவுன் பஸ், மொபெட்டில் மூட்டையோடு ஒருவன், எல்லாம் வந்தன. மாங்கரைப் பக்கம் மலை மேல் மேகம் அப்படியே உட்கார்ந்திருந்தது, அங்கே மழை இருக்குமா, இருக்கும், இல்லாமல் இருக்குமா. இவ்வளவு நேரத்துக்கு மாங்கரை தாண்டியிருப்பார்கள். முதல் வளைவு இடதா வலதா. பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் இருக்கிறதே. தாமு அந்தப் பட்டனை அமுக்கியிருந்தால்? வண்டியின் வீரத்தைக் காட்ட அந்த ஆள் அமுக்கக் கூடியவர்தான், முன்னாலும் அமுக்கியிருக்கிறார், சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். இல்லை, லோகநாதன் பொண்ணு உட்கார்ந்திருக்கும்போது அமுக்க மாட்டார். சம்யுவின் பாதம் அப்படியே அவர் பாதம், பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், பிறந்த அன்றைக்கே நர்ஸ் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பாதம் இப்போது எங்கே இருக்கிறது, பெடல் மேலா, பெடலுக்கு மேலே காற்றிலா. எடுத்துரு கண்ணு. எடுத்துரு, இது அது இல்லை, இது காத்திருக்காது. ஏனுங்க, நீங்களாவது சொல்லுங்களேன், அங்கேதானே எங்கேயாவது இருப்பீங்க, சும்மா வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு என்னைப் பயமுறுத்தத் தெரிகிறதே, இதைப் போய்ச் சொல்லத் தெரியாதா. வாய்விட்டே சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது, பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னுங்க?" என்றார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். குடித்தாள். பஸ், லாரி, லாரி. சிவப்பாக ஒன்று வந்தது, அது கேஸ் சிலிண்டர் வண்டி. இரண்டாவது சிவப்பும் வந்தது, அதற்கு முன்பக்கம் முழுக்க வாய் இருந்தது.

வண்டி உள்ளே வந்து நின்றது. முதலில் இறங்கின தாமு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பொண்ணுக்கு நல்ல கைங்க அம்மிணி. மொத வளைவுலதான் எனக்குக் கொஞ்சம் தண்ணி காட்டிட்டா. பின்சக்கரம் லேசா வழுக்கி விசிறுச்சு, சாமியெல்லாம் கூப்புட்டுட்டேன்." கோதை அவரைத் தாண்டிப் போய் ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். சம்யு கண்ணாடியை இறக்கினாள், முகம் சிவந்து, கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது கோதைக்கு.

"எங்க மிதிச்ச?" என்றாள்.

"எங்கன்னா?"

"மொத வளைவுல. எங்க மிதிச்ச நீ?"

"நீங்க சொல்லிக் குடுத்த எடத்துலதாங்ம்மா. வளைவுக்குள்ள போனதும்" என்றாள் சம்யு. "வெச்சதும் இழுத்துருச்சு. நம்மளுது மாதிரி இல்ல இது. காலை எடுத்துட்டேன், அதுவா நேராய்ருச்சு. ரெண்டாவதுல கொஞ்சம் தள்ளி மிதிச்சேன், அப்பவும் சீக்கிரந்தான். மூணாவதுல சரியாப் போச்சு."

"மூணாவதுலயா?"

"ஆமாங்ம்மா. ஏன், அதுக்கு மேல எவ்வளவு நேரம் வேணும், கால்தானே."

அவ்வளவுதானா. கோதை கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு வருஷமாக இரவும் பகலும் தின்ற ஒரு விஷயம், மூன்று வளைவா. அவருக்கு இரண்டாவது வளைவு கிடைத்திருந்தால் போதும், ஒன்றே ஒன்று, லேசாக விசிறிவிட்டு நேராகியிருந்தால் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்திருப்பார், தண்ணி காட்டிருச்சு கோதை இந்தப் பய என்று. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, அந்த மனுஷன் மேல்தான் வந்தது, எதற்கு அவ்வளவு வேகம், எதற்கு அந்த மழையில், ஒரு நாள் பொறுத்திருந்தால் காய்ச்சல் விட்டு நானும் வந்திருப்பேனே. கண்ணில் நீர் வந்ததை அவள் துடைக்கவில்லை. "அம்மா?" என்றாள் சம்யு. தாமு கைக்குட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "என்னுங்க அம்மிணி, வேண்டாம்னு சொல்லிரலாமுங்களா, ஒண்ணும் தப்பில்லீங்க" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு நுனியிலேயே இருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வீட்டுக்கு வருவாள், ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை எடுத்து மடிப்பாள், பழைய காலையே மறுபடி நன்றாகப் பழகிக்கொள்வாள். பிறகு என்றைக்கோ, எங்கேயோ, யாருடைய புது வண்டியிலோ ஏறுவாள். அப்போது பக்கத்தில் தாமுகூட இருக்க மாட்டார். கோதை கதவைத் திறந்தாள்.

"எறங்கு. அந்தப் பக்கம் போய் உக்காரு."

"நீங்களாங்ம்மா? இதுல ரெண்டாவது கியர் கொஞ்சம்..."

"போய் உக்காருன்னேன். தாமண்ணா, இதை வேற யாருக்கும் காட்டிறாதீங்க. வந்து பேசிக்கலாம்."

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கணுவாய் போனது, செங்கல் சூளைகள் போயின, காட்டிலாகா செக்போஸ்ட்டு போனது, ரோடு மலைக்குள் ஏறியது. வண்டி சொன்னதற்கெல்லாம் உடனே உடனே தலையாட்டியது, அதுதான் கோதைக்குப் பிடிக்கவில்லை, இவ்வளவு பணிவு ஆகாது என்று தோன்றியது. முதல் வளைவு வலது பக்கம்தான், இரண்டு பாறைகளுக்கு நடுவில், தார் இன்னும் கறுப்பாக நனைந்திருந்தது. உள்ளே நுழைந்தாள். உடனே கால் தயாரானது, பாதம் முழுக்கச் சூடாகி, இங்கே, இங்கே, இங்கேதான் என்றது. பக்கத்துச் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"இன்னும் மிதிக்காதீங்கம்மா" என்றாள் சம்யு.

கோதை பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடித்து வைத்தாள். பாறை நகர்ந்தது. கெண்டைக்காலில் சதை துடித்தது.

"இன்னும் வேண்டாம். பொறுங்க. பொறுங்கம்மா. ரோடு தெரியட்டும்."

பாறை விலகி, ரோடு நேராக, நீளமாகத் தெரிந்தது.

"இப்ப மிதிங்க."